நான்காம் அத்தியாயம்: முதலிபாளையத்தில் ஒரு சண்டை ரோபோ

முதலில் ஒரு தராசுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதலிபாளையத்தில் அது கஷ்டமில்லை. துணியை வட்டமாக வெட்டி ஜிஎஸ்எம் பார்க்கிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு பக்கத்து பனியன் கம்பெனி எதிலாவது இருக்கும். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். சண்டை ரோபோ கட்டுகிறவருக்கு அதைவிட உதவுகிற கருவி வேறில்லை. இந்த விளையாட்டில் எல்லாமே எடையில்தான் தொடங்குகிறது. மல்யுத்தத்தைப் போல இங்கேயும் எடைப் பிரிவுகள் உண்டு. ஐந்து கிராம் கூடினாலும் சண்டை நடக்கிற கூண்டுக்குள் விட மாட்டார்கள்.

நம் நாட்டில் இந்தச் சண்டைகள் பெரும்பாலும் கல்லூரித் தொழில்நுட்ப விழாக்களில் 'ரோபோவார்ஸ்' என்ற பெயரில் நடக்கின்றன. 1998-இல் தொடங்கிய மும்பை ஐஐடியின் டெக்ஃபெஸ்ட்டும், 2000-இல் தொடங்கிய சென்னை ஐஐடியின் சாஸ்த்ராவும் பலருக்கும் தெரிந்த மேடைகள். டெக்ஃபெஸ்ட்டுக்கு வெளிநாட்டு அணிகளும் வருவதுண்டு. 8 கிலோ, 15 கிலோ, 60 கிலோ என்பவை நம்மூர்ப் போட்டிகளில் அடிக்கடி பார்க்கிற பிரிவுகள். வெளிநாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் 150 கிராம், 454 கிராம், 1.36 கிலோ என்று சிறிய பிரிவுகளில் வீட்டு மேசையிலேயே கட்டுகிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'பேட்டில்பாட்ஸ்' ரோபோக்கள் 113 கிலோ.

என் யோசனை இது. முதல் ரோபோவை 1.36 கிலோவில் கட்டுங்கள். அதை நாலு பேருடன் உள்ளூரில் மோதவிட்டுப் பழகியபின் 8 கிலோவுக்குப் போங்கள். எடுத்த எடுப்பில் 15 கிலோ கட்டுகிறவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், ஆர்வத்தையும் இழக்கிறார்கள்.

இந்த விளையாட்டின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மார்க் தோர்ப் என்ற அமெரிக்கர் ரிமோட்டில் ஓடும் வாக்குவம் கிளீனர் செய்யப் பார்த்தார், சரிப்படவில்லை. அந்த முயற்சியிலிருந்து கிளைத்த யோசனைதான் ரோபோக்களை மோதவிடுவது. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'ரோபோ வார்ஸ்' போட்டியை அவர் நடத்தினார். 1998-இல் அது பிபிசி நிகழ்ச்சியாகி உலகம் முழுக்கப் பரவியது. வீட்டு வேலைக்காக எடுத்த மோட்டாரும் சக்கரமும்தான் ஆரம்பம் என்பதை நினைவில் வையுங்கள். பட்டறையில் கையிலிருக்கிற பொருளில் தொடங்குவதுதான் இந்த விளையாட்டின் வழக்கம்.

சக்கரம் முதலில்

புதிதாக வருகிற எல்லோரும் ஆயுதத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் 8 கிலோ ரோபோவில் ஆயுதத்துக்கு மூன்று வாரம் செலவழித்தேன், சக்கரத்துக்கு ஒரு சாயங்காலம். முதல் சண்டையில் எதிராளி என்னைத் தொடுவதற்கு முன்பே இடது சக்கரத்தின் கிரப் ஸ்க்ரூ கழன்று, ரோபோ நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. நடுவர் பத்து எண்ணினார். முடிந்தது. ஷாஃப்டில் ஒரு தட்டையான முகம் அரைத்து, அதில் ஸ்க்ரூ உட்காரும்படி செய்து, ஒரு சொட்டு நூல்பூட்டுப் பசை விட்டிருந்தால் அது கழன்றிருக்காது. லாக்டைட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் தருவார்கள், நீல நிறத்தை வாங்குங்கள். சிவப்பை விட்டால் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

ஓட்டுவதற்கு நம்மூர் மாணவர்கள் அதிகம் வாங்குவது 12 வோல்ட் ஜான்சன் கியர் மோட்டார். 300 ஆர்பிஎம் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரம் மாட்டினால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும். 600 ஆர்பிஎம் என்றால் மூன்று மீட்டர். கூண்டுக்குள் மூன்று மீட்டர் என்பது கண்ணிமைக்கும் வேகம். அதைக் கையாள விரல் பழக வேண்டும்.

மோட்டார் டிரைவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பள்ளி ப்ராஜெக்ட்டுகளில் வரும் எல்298 போர்டு ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு ரோபோக்கள் முட்டி நிற்கும்போது சக்கரம் சுழலாமல் மோட்டார் அதைவிடச் சில மடங்கு இழுக்கும். போர்டு புகைந்துவிடும். மோட்டார் முட்டி நிற்கும்போது எவ்வளவு இழுக்கும் என்று கடையில் கேட்டு, அதற்கு மேல் தாங்குகிற டிரைவரை வாங்குங்கள்.

சுழலும் ஆயுதமில்லாமல் எப்படி ஜெயிப்பது என்று கேட்பவர்களுக்கு 2015 பேட்டில்பாட்ஸ் இறுதிச் சண்டை பதில். பெரிய இரும்புப் பட்டையைச் சுழற்றி எதிரிகளைப் பிய்த்தெறிந்த 'டூம்ஸ்டோன்' ஒரு பக்கம். தூக்கிப் பிடிக்கிற கையோடு வந்த 'பைட் ஃபோர்ஸ்' மறுபக்கம். பட்டம் பைட் ஃபோர்ஸுக்கு. அதே அணி பின்னாளில் சுழலும் ஆயுதத்துக்கு மாறி 2018, 2019 பட்டங்களையும் வாங்கியது. ஆனால் முதல் பட்டம் ஓட்டும் திறமைக்கும் தாங்கும் உடம்புக்கும் கிடைத்தது. உங்கள் முதல் ரோபோ ஒரு சரிவுத் தகடு, நல்ல சக்கரம், கெட்டியான உடம்பு, அவ்வளவுதான். பெட்டி போன்ற இதை மாணவர்கள் 'வெட்ஜ்' என்பார்கள். தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஓடும்படி சக்கரம் இரண்டு பக்கமும் வெளியே நீட்டியிருக்கட்டும்.

ஓட்டிப் பழக காலி நூல் கோன்களை வரிசையாக நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாத ஷெட்டின் சிமென்ட் தரை நல்ல மைதானம். கோனைச் சாய்க்காமல் எட்டுப் போட்டு வர வேண்டும். பிறகு ரோபோவின் முகம் உங்களைப் பார்த்து வரும்போது அதே எட்டு. இடதும் வலதும் மாறித் தெரிகிற அந்த நேரத்தில்தான் சண்டையில் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சக்கரத்தை ஈரத்துணியால் துடையுங்கள். தரையில் படிந்த பஞ்சு ரப்பரில் ஒட்டினால் பிடிமானமே இருக்காது.

உடம்புக்கு எது, எது வேண்டாம்

மளிகை வாங்குகிற ஊரிலேயே பேரிங்கும் பெல்ட்டும் வாங்க முடிகிற அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் இல்லை. சிட்கோ தொழிற்பேட்டையும் பின்னலாடைக் கல்லூரியும் இருக்கிற ஊர் இது. நிட்டிங், ஸ்டிச்சிங் மெஷின்களுக்கு உதிரி பாகம் விற்கிற கடைகளும் லேத் பட்டறைகளும் இதே வட்டாரத்தில் உண்டு. போதாததற்கு ஐம்பது கிலோமீட்டரில் கோயம்புத்தூர். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் அது. பாலசுந்தரம் நாயுடுவின் டெக்ஸ்டூல் நிறுவனம் நூற்பாலை மெஷின்கள் செய்து பெயர் வாங்கியது. கொங்கு நாட்டில் பஞ்சும் இரும்பும் சேர்ந்தேதான் வளர்ந்தன. அதன் பயன் இன்று உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

சட்டகத்துக்கு எச்டிபிஇ பிளாஸ்டிக் பலகையைச் சிபாரிசு செய்கிறேன். தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசானது. அலுமினியத்தின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான், அதனால் அதே எடைக்கு மூன்று மடங்கு தடிமன் வைக்கலாம். அடி விழுந்தால் உடையாமல் அமுங்கி எழும். மரவேலை ரம்பத்திலேயே வெட்டலாம். சாயப்பட்டறை நீல பேரல்களும் இதே பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே என்ன கெமிக்கல் இருந்தது என்று தெரியாத பேரலை அறுக்காதீர்கள்.

மோட்டாரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பவர் டேபிளில் கழித்துப்போட்ட தையல் மெஷின் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். அது வீட்டுக் கரண்டில் ஓடுவது. கனமானது. பேட்டரியில் ஓடுகிற ரோபோவில் அதற்கு இடமில்லை. கட்டிங் மெஷின் பிளேடும் அப்படியே. துணியை வெண்ணெய்போல் வெட்டுகிற அந்தப் பிளேடு ஒரு இரும்பில் மோதினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். ஆயுதமாக அதைச் சுழற்றுவது கூண்டுக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்குக் குறிவைப்பதற்குச் சமம்.

ஷாஃப்டுக்கு லேத்தில் இஎன்24 கேளுங்கள். மைல்டு ஸ்டீல் வளையும். பேரிங்குக்குச் செய்கிற இஎன்31-ஐக் கெட்டியாகப் பதப்படுத்தினால் முறியும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இஎன்24. 8 கிலோ ரோபோவுக்கு 15 மில்லிமீட்டர் ஷாஃப்டும் 6202 பேரிங்கும் பொருத்தம். பேரிங் கடையில் டூஆர்எஸ் என்று சொல்லி ரப்பர் மூடி உள்ளதை வாங்குங்கள், கூண்டில் பறக்கிற இரும்புத்தூள் உள்ளே போகாது.

எனக்கு ஷாஃப்ட் கடைந்து தருகிற லேத் அண்ணன் முதல் நாள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "மோட்டார் என்ன பவருன்னு நான் கேக்கலீங்க தம்பி. அடி வாங்குனா எங்க வளையும்னு சொல்லுங்க. அங்க மெட்டீரியல் சேத்தி உட்டுர்றேன்." பொறியியல் புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் படித்தாலும் இந்தக் கேள்வி அவ்வளவு தெளிவாக மனதில் பதியாது. ரோபோவின் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து இதையே கேளுங்கள்.

சுழலும் ஆயுதம் எப்படி அடிக்கிறது

இரண்டாவது ரோபோவில் ஆயுதம் வைக்கலாம். அதற்கு முன் கணக்கு. 300 கிராம் எடையும் 100 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு வட்டத்தகட்டை நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 74 ஜூல். 1.36 கிலோ ரோபோவை ஐந்தரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து, கீழே போட்டால் வருகிற அடி அது. தகட்டின் விளிம்பு மணிக்கு 113 கிலோமீட்டரில் ஓடுகிறது. 8 கிலோ ரோபோவில் 2 கிலோ, 200 மில்லிமீட்டர் தகட்டை 5,000 சுற்று சுழற்றினால் கணக்கு 1,370 ஜூலுக்குப் போய்விடும். அதே உயர ஒப்பீட்டில் இது 17 மீட்டருக்கு மேல்.

வேகம் கூடக்கூட அடி பலமாகும் என்று நினைப்பது பாதி உண்மை. பல் எதிராளியின் உடம்பில் எவ்வளவு ஆழம் நுழைகிறது என்பதுதான் மீதிப் பாதி. 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. நீங்கள் நொடிக்கு 2 மீட்டரில் எதிராளியை நோக்கிப் போகிறீர்கள். ஒரே பல் இருந்தால் அது ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் 20 மில்லிமீட்டர் முன்னேறியிருப்பீர்கள், பல் அவ்வளவு ஆழம் கடிக்கலாம். இரண்டு பல் என்றால் 10 மில்லிமீட்டர்தான். பல பல் வைத்த ரம்பத்தகடு பயங்கரமாகத் தெரியும். கூண்டில் அது எதிராளியை உரசிப் பொறி பறக்கவைப்பதோடு சரி. ஒற்றைப் பல், அதற்கு எதிர்ப்புறம் சமன்செய்ய எடை. நல்ல ஆயுதம் பார்க்க எளிமையாகவே இருக்கும்.

மோட்டாரிலிருந்து ஆயுதத்துக்கு நேரடியாக இணைக்காதீர்கள். நடுவில் பெல்ட் இருக்கட்டும். அடி விழும் நொடியில் பெல்ட் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், மோட்டார் பிழைக்கும். நூற்பாலை மெஷின்களில் ஓடுகிற பாலியூரித்தேன் உருண்டை பெல்ட் இதற்கு ரொம்பப் பொருத்தம். தேவையான நீளம் வெட்டி, இரு முனையையும் சூட்டில் உருக்கி ஒட்டிக்கொள்ளலாம். சண்டையில் அறுந்தாலும் அடுத்த சண்டைக்கு முன் பத்து நிமிடத்தில் புதுசு போட்டுவிடலாம்.

நூலும் நிற்க வேண்டிய நேரமும்

பின்னலாடை ஊர்க்காரருக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரியும்: சுழல்கிற எதற்கும் பெரிய எதிரி நூல். ரோலரில் நூல் சுற்றி மெஷின் மக்கர் பண்ணுவதைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. 2015 பேட்டில்பாட்ஸில் 'கம்ப்ளீட் கண்ட்ரோல்' என்ற ரோபோ பரிசுப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்தது. எதிரே சுழலும் ஆயுதத்துடன் 'கோஸ்ட் ராப்டர்'. அது பெட்டியை அடித்ததும் உள்ளே இருந்த வலை ஆயுதத்தில் சுற்றிக்கொண்டது. இது நியாயமா என்று பெரிய தகராறு ஆகி, சண்டையை மறுபடி நடத்தினார்கள். வலை, கயிறு, துணி போன்றவற்றைப் பல போட்டிகள் அடியோடு தடைசெய்கின்றன. விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் ரோபோவின் வயர்கள் வெளியே தொங்காமல் கட்டுங்கள், அவையும் நூல்தான்.

அடுத்தது இந்த அத்தியாயத்திலேயே முக்கியமான பத்தி. வட்டப் பின்னல் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் மெஷின் தானாக நிற்கிறது. நிற்காவிட்டால் துணி வீணாகும், ஊசிகள் நாசமாகும். ரோபோவிலும் அதே ஏற்பாடு வேண்டும். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் சக்கரமும் ஆயுதமும் தானாக நிற்க வேண்டும். இதை ஃபெயில்சேஃப் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. அவற்றின் ரிசீவரில் இந்த வசதி உண்டு, ஆனால் நீங்கள்தான் அமைக்க வேண்டும். ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரோபோவைச் செங்கல்மேல் தூக்கிவைத்து, சக்கரம் சுழலும்போது ரிமோட்டை அணையுங்கள். ஒரு நொடியில் நிற்க வேண்டும். நிற்காத ரோபோவை எந்தப் பரிசோதகரும் கூண்டுக்குள் விட மாட்டார், விடவும் கூடாது.

மின்சாரம் கொடுப்பதிலும் வரிசை உண்டு. ஆயுதம் சுழலாமல் தடுக்கிற பூட்டுக்கம்பி செருகியிருக்க வேண்டும். முதலில் ரிமோட், பிறகு ரோபோவின் இணைப்பு. அணைக்கும்போது முதலில் ரோபோ, கடைசியில் ரிமோட். கம்பியை எடுப்பது கூண்டின் கதவை மூடுவதற்கு முந்தைய கடைசி வேலை.

லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பற்றி இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். லிபோ தீப்பிடித்தால் சுற்றிலும் பஞ்சும் கட்பீஸ் மூட்டையும் இருக்கிற இடத்தில் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வேஸ்ட் குடோனிலோ கட்டிங் டேபிளிலோ சார்ஜ் போடவே போடாதீர்கள். திறந்தவெளி சிமென்ட் தரை, இரும்புப் பெட்டி, பக்கத்தில் மணல் வாளி, கண்முன்னே ஒரு ஆள். பேலன்ஸ் சார்ஜர் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். 2,200 எம்ஏஎச் பேட்டரியை 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறையும். 3.3-க்குக் கீழே இறக்காதீர்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு சண்டைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் வண்டி டிக்கிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆயுதத்தைச் சோதிக்க கூண்டு கட்டாயம். 1.36 கிலோவுக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தளம், குறைந்தது 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் சுவரும் கூரையும். அக்ரிலிக் பார்க்க அப்படியே இருக்கும், விலையும் குறைவு, ஆனால் கண்ணாடிபோல் உடையும். 8 கிலோ ரோபோவின் ஆயுதத்தை ஊரில் சுழற்றவே வேண்டாம். போட்டி நடத்துகிறவர்களின் கூண்டில்தான் அது முதல்முறை முழு வேகம் எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கட்டினால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

போட்டி நாள்

சண்டை பெரும்பாலும் மூன்று நிமிடம். அசையாமல் நின்றால் பத்து எண்ணுவார்கள். இருவரும் அசைந்துகொண்டிருந்தால் யார் முன்னேறித் தாக்கினார், யார் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், யார் அதிகச் சேதம் செய்தார் என்று பார்த்துத் தீர்ப்பு. அடுத்த சண்டைக்கு அரை மணி கிடைத்தால் அதிகம்.

போட்டிகள் அந்த அரை மணியில்தான் முடிவாகின்றன என்பது என் அனுபவம். நிட்டிங் யூனிட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஷிப்மென்ட் நெருங்கும்போது மெஷின் நின்றால் ஃபிட்டர் ஓடிவந்து, எங்கே கோளாறு என்று காதாலேயே கண்டுபிடித்து, ஊசியை மாற்றி ஓட்டிவிட்டுப் போகிறார். ஊசி அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நீங்களும் அப்படி வாருங்கள். மோட்டார், சக்கரம், பெல்ட், டிரைவர் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கூடுதலாக, வயர் முன்கூட்டியே சால்டர் செய்து பிளக் வைத்துத் தயாராக இருக்க வேண்டும். ரோபோ முழுவதும் ஒரே அளவு ஸ்க்ரூ, ஒரே ஆலன் கீ. வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஒரு சக்கர மோட்டாரை மாற்றிப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் வடிவமைப்பை மாற்றுங்கள். இரண்டு பேர் வேலை செய்யும்போது யார் எந்தப் பக்கம் என்று முன்பே பேசி வையுங்கள்.

ரோபோ புகைகிறது, ஆனால் இன்னும் நகர்கிறது என்றால் கையைத் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். அதில் அவமானம் இல்லை. அடுத்த மாதம் ஓட்ட உங்களுக்கு ஒரு ரோபோ மிஞ்சும். ஜெயித்தவர் பெரும்பாலும் உங்கள் மேசைக்கு வந்து உடைந்த இடத்தைப் பார்ப்பார், தன் உதிரி பாகத்தையும் நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை நீங்கள் கொடுங்கள்.

சிட்கோவில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பட்டறை வாசலில் ஒரு பையனோ பெண்ணோ கையில் காகிதத்தோடு நின்றால், "இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டு உள்ளே கூப்பிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லிவிட்டு, ஒரு ஷாஃப்டை அவர்கள் கண்முன்னே கடைந்து காட்டுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.